பெயர் கூப்பிடாத கூட்டம்

ஓர் அணுமின் நிலையத்தை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியும். தாளில் தெரியும். எரிபொருளை வெளியே எடுப்பது, கட்டடத்தைப் பிரிப்பது, சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் சோதிப்பது, கடைசியில் அந்த இடத்தில் புல் முளைக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது வரை எல்லாவற்றுக்கும் கேள்விப் பட்டியல் இருக்கிறது. வெளிநாட்டு நிலையம் ஒன்றை மூடுவதற்கான சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையைச் சரிபார்க்கும் வேலை எங்கள் சென்னை அலுவலகத்துக்கு வந்திருந்தது. குழுவில் நான்தான் கடைக்குட்டி. ஆறு மாதமாக அந்த அறிக்கையோடுதான் தூங்கி எழுந்தேன்.

அப்படி ஒரு நாளில் மேலாளர் என் மேசைக்கு வந்து, "பதுளைக்குப் போறியா?" என்று கேட்டார்.

இலங்கையில், நமுனுகுல மலைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டம். அதன் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் மின்சாரம் கொடுத்த சிறிய நீர்மின் நிலையம் ஓடாமல் நிற்கிறது. அதைப் பிரித்து எடுத்துவிட்டு, ஓடையைப் பழைய வழியில் விட வேண்டும். அதற்கு ஓர் ஆய்வு. அங்குள்ளவர்களோடு தமிழில் பேசி எழுத ஓர் ஆள். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதுக்குள் பை கட்டி முடித்துவிட்டேன். எங்களிடம் இருந்த ஒரே மூடல் பட்டியல் அணுமின் நிலையத்துக்கானது. இருக்கட்டும், பெரிதுக்குப் பொருந்துவது சிறிதுக்கும் பொருந்தும் என்று அதையே அச்செடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். அப்புத்தளையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, யாரும் ஒன்றும் சொல்லாததால் என் மடியில் உட்கார்ந்துகொண்டது. இறால் வடை விற்றவரிடம் இரண்டு வாங்கினேன். தூத்துக்குடியில் பிறந்தவள் நான். இறாலை வடையின் தலையில் முழுசாகக் குந்தவைக்கும் யோசனை எங்கள் ஊரில் யாருக்கும் ஏன் வரவில்லை என்று வருத்தமாக இருந்தது. எதிரே இரண்டு பெண்கள் என் காலைக் காட்டிச் சிங்களத்தில் பேசிச் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். ஒருத்தி தடுமாறித் தமிழில் சொன்னாள்: "இவ்வளவு வெள்ளைச் சப்பாத்து போட்டுட்டு மலைக்குப் போனா, அட்டை எல்லாம் கல்யாண வீடுன்னு நினைச்சு வரும்னு இவ சொல்றா."

ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. அங்கே அரசு அலுவலகம் ஒன்றில் இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஸ்ரீகாந்தன் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக்கு வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறதாம். இன்னும் குளிருக்குப் பயந்து காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை. சாப்பிட்டனீங்களோ?" என்றுதான் தொடங்கினார். இல்லை என்று சொல்ல நான் வாய் திறப்பதற்குள் இடியாப்பமும் சொதியும் வந்துவிட்டன. சாப்பிடும்போதே வேலையையும் சொன்னார். "நாளைக்கு விடிய ஆறு மணிக்குப் பெரட்டு. எல்லாரும் ஒரே இடத்தில நிப்பினம். அஞ்சு நிமிசம் கதைச்சால் மக்கள் கூட்டம் முடிஞ்சுது. பிறகு மலைக்கு ஏறிட்டினமெண்டால் ஆக்களைப் பிடிக்கேலாது."

பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்கள் களத்தில் கூடுவது. பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடுவார்கள். இவ்வளவு வசதியான மக்கள் கூட்டம் உலகத்தில் வேறெங்கே கிடைக்கும்! எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

செவ்வாய் விடியும்போது அலுவலக ஜீப் மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. ஸ்ரீகாந்தன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டு இறங்க, அவரும் நானும் தள்ள, ஓட்டுநர் உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உற்சாகம் கொடுத்தார். போய்ச் சேர்ந்தபோது பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பதிவேட்டைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கும் தலையில் கூடைக் கயிறுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு பெயர், ஒரு "இருக்கேங்க". அடுத்த பெயர், அடுத்த "இருக்கேங்க". எனக்கு அந்தத் தாளம் பிடித்திருந்தது.

வாசித்து முடிந்ததும் ஸ்ரீகாந்தன் பேசினார். பவர்ஹவுசையும் மேலே உள்ள தடுப்பணையையும் எடுக்கப் போகிறார்கள், ஓடை பழையபடி ஓடும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. நானும் என் பங்குக்கு, "எதுவா இருந்தாலும் சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றேன். இருநூறு கண்கள் என் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தன. கணக்கப்பிள்ளை கையை அசைத்தார். எல்லோரும் மலை ஏறினார்கள்.

ஸ்ரீகாந்தன் படிவத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். என் பட்டியலில் 'நிலையத்துக்குக் கீழே நீரைப் பயன்படுத்துவோர்' என்ற கட்டத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். தோட்டம் கொடுத்த வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது: மேலே தடுப்பணை, அதிலிருந்து வாய்க்கால், இரும்புக் குழாய், பவர்ஹவுஸ், பிறகு தண்ணீர் மறுபடி ஓடையில். சுத்தமான கோடுகள்.

புதன்கிழமை தனியாகக் கிளம்பினேன். பஸ்ஸில் நடத்துநர் தோட்டத்தின் பெயரைக் கூவியதும் குதித்துவிட்டேன். இறங்கியது மேல் பிரிவு. நான் போக வேண்டியது கீழ்ப் பிரிவு. நடுவில் ஒரு மலை. கொழுந்து ஏற்ற வந்த லொறிக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே கதவைத் திறந்தார். பறித்த கொழுந்தின் வாசனையை முதன்முதலாக அந்த லொறியில்தான் அறிந்தேன். கடையில் விற்கும் தேயிலையின் வாசம் இல்லை அது. மழையில் நனைந்த பச்சைக் காய்கறிக் கடைபோல இருந்தது.

பவர்ஹவுசில் காவல்காரர் பண்டார இருந்தார். சிங்களவர், தோட்டத்திலேயே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நான் பட்டியலைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"வேலிக்குள்ள அனுமதி இல்லாம நுழையறவங்க?"

"ஒரு ஆடு. கறுப்பு."

"எஞ்சியிருக்கிற கதிரியக்கம்?"

பண்டார உள்ளே எட்டிப் பார்த்தார். மாட்டுவண்டி அளவில் துருப்பிடித்த இயந்திரம் ஒன்று இருந்தது. "அப்படி ஒண்ணும் இங்க வைக்கல மிஸ். பழைய வாளி ரெண்டு இருக்கு."

'பொருந்தாது' என்று எழுதினேன். 'இயந்திரத்துக்குள் தங்கிய மாசுகள், அவை நீரில் கசியும் வாய்ப்பு' என்ற கேள்விக்கும் அதே சூட்டில் 'பொருந்தாது' என்று எழுதிவிட்டேன். பக்கம் பக்கமாகப் பொருந்தாது. கடைசியில் ஒன்றுதான் மிச்சம்: நிலையம் இல்லாவிட்டால் இயற்கை எப்படி இருக்கும் என்று நேரில் பார்ப்பது. நாலரை மணிக்குப் பண்டாரவோடு வாய்க்கால் தொடங்கும் இடத்தில் நின்று, அதன் மதகுப் பலகையை இறக்கித் தண்ணீரை ஓடைக்கே திருப்பச் சொன்னேன்.

"சாத்தவா மிஸ்?"

"சாத்துங்க."

"இப்பவே சாத்தவா?"

"இப்பவே."

சாத்தினார். எவ்வளவோ காலமாகக் கசிவு மட்டும் கண்ட பாறைகள்மேல் தண்ணீர் புரண்டு விழுந்தது. வெள்ளை நுரை, பாசி வாசம், எங்கிருந்தோ வந்து பாறையில் வாலாட்டிய ஒரு சாம்பல் குருவி. நான் துள்ளினேன் என்றே சொல்லலாம். அறிக்கையின் முதல் வரி அங்கேயே மனதில் வந்துவிட்டது. படம் எடுத்துக்கொண்டு, ஓடை ஓரமாகவே கீழே இறங்கினேன். காலில் நாலு அட்டை. அதைக்கூட இயற்கையின் வரவேற்பாக எடுத்துக்கொண்டேன்.

கீழே லயம் இருந்தது. இரண்டு நீண்ட வரிசை வீடுகள். அதன் பக்கத்தில் கல்லில் செதுக்கிய ஒரு தண்ணீர்ப் பீலி. அதிலிருந்து சொட்டு, பிறகு சொட்டு. சுற்றிலும் வாளிகளும் குடங்களும் பெண்களும். நடுவில் மாராப்புக் கட்டிய ஒரு பெண், தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"யாரு தண்ணிய நிப்பாட்டுனது? பண்டாரவுக்கு இன்னிக்கி என்னா புடிச்சிருக்கு?"

என் காதில் ஓடை பாடிக்கொண்டிருந்த பாட்டு அந்த நிமிடம் நின்றது.

"நான்தாங்க" என்றேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "யாரு, வெள்ளச் சப்பாத்து மிஸ்ஸா? நல்லா இருக்கீங்களா? நாங்க இப்பிடி இருக்கோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டாரவுக்குப் போன் போட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னேன். தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேர அரை மணி நேரம் ஆகும் என்றார். அந்த அரை மணி நேரம்தான் என் பயணத்தின் மொத்தப் படிப்பும்.

நுரைத் தலைக்காரரின் பெயர் செல்வமணி. கொழுந்து எடுப்பவர். கேட்டால் எல்லாம் சொன்னார். பவர்ஹவுசிலிருந்து வெளியே வரும் தண்ணீரை லயத்து ஆண்கள் குழாய் போட்டுப் பீலிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இயந்திரம் நின்ற பிறகும் வாய்க்கால் தண்ணீர் இரும்புக் குழாய்க்குள் போகாமல் பக்கவழியாக இறங்கி, பவர்ஹவுசை ஒட்டி ஓடி இங்கேதான் விழுகிறது. இரண்டு லயத்துக்கும் குடிக்க, சமைக்க, குளிக்க இது ஒன்றுதான். ஓடை பள்ளத்தில், வழுக்கும் பாறைகளுக்குக் கீழே இருக்கிறது. தடுப்பணை போனால் பீலியும் போய்விடும். வரைபடத்தில் அந்த லயத்துக் குழாய்க்குக் கோடு இல்லை.

"அக்கா, நேத்து அவ்வளவு தடவை கேட்டோமே. ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியம் இருந்தது. "பேரு கூப்புடலியே மிஸ்."

"என்னது?"

"பெரட்டுல பேரு கூப்புட்டாத்தானே வாயத் தொறப்போம். 'யாருக்காவது'ன்னா யாரு? நானா, இந்தா நிக்கிற மாரியாயியா? பேரு கூப்புடாம பேசுனா, ஏன் நீ முந்திரிக்கொட்டன்னு கேப்பாங்க. நீங்க கூப்புடுவீங்க, கூப்புடுவீங்கன்னு பாத்துக்கிட்டேதான் நின்னோம். நீங்க சப்பாத்தத் தொடச்சிக்கிட்டு ஜீப்புல ஏறிட்டீங்க."

மாரியாயி சேர்த்துக்கொண்டார்: "நானு சொல்லணும்னு அங்கயே நெனச்சி வச்சிருந்தேன். கூப்புட்டா சொல்லுவோம்னு."

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒரு மணி நேரம் தாமதமானால் என் அம்மா போடும் சத்தம் ஊருக்கே கேட்கும். வண்ண வண்ணக் குடங்களோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். அப்படிப்பட்டவள், 'நீரைப் பயன்படுத்துவோர் இல்லை' என்று மை காயாமல் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாகச் செல்வமணி ஒரு பெண்ணை அனுப்பி ரொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்துவரச் சொன்னார். வெறும் தேநீரை என்னிடம் கொடுத்து, "கைய நீட்டுங்க" என்று உள்ளங்கையில் சீனி வைத்தார். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். சம்பலின் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. அது உறைப்பினால்தான் என்று எல்லோரும் நம்பும்படி நடந்துகொண்டேன்.

பீலி இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு கொட்டியது. செல்வமணி தலையை நீட்டினார். நுரை காய்ந்து மாவாகியிருந்தது.

கடைசி பஸ்ஸில் இருந்தே ஸ்ரீகாந்தனை அழைத்தேன். "கூட்டம் முடிஞ்சுது பிள்ளை. படிவம் கையெழுத்தாயிட்டுது. வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகுது" என்றார். நான் பீலியைச் சொன்னேன், நுரையைச் சொன்னேன், பெயர் கூப்பிடாததைச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பஸ் ஒரு மலையையே சுற்றிவிட்டது. அவர் சொன்னார்: "இவ்வளவு வருசமா இந்த மலையில கூட்டம் வைக்கிறன். 'ஆட்சேபணை இல்லை' எண்டு எத்தனை எழுதியிருப்பன்…" பிறகு, "நாளைக்கு எங்க வைப்பம்?" என்று கேட்டார்.

எங்கே என்று செல்வமணி ஏற்கெனவே சொல்லியிருந்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். ஏன் என்று வியாழன் மத்தியானம் போய் நின்ற உடனே புரிந்தது. களத்தில் சிலையாக நின்ற அதே பெண்கள் மடுவத்தில் தராசைச் சுற்றி நின்று கணக்கப்பிள்ளையின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்துக்கு இவ்வளவு கழிப்பதா, சாக்குக்கு இவ்வளவா, முள்ளு எங்கே நிற்கிறது, கண்ணாடி போட்டுப் பாருங்கள்! தங்கள் கொழுந்தைப் பற்றி அங்கே யாரும் அனுமதி கேட்டுப் பேசுவதில்லை.

ஸ்ரீகாந்தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கணக்கப்பிள்ளை கொஞ்சம் தயங்கி, பிறகு பதிவேட்டைத் திறந்தார். நிறுவை முடிய முடிய ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"மாரியாயி."

"இருக்கேங்க. பிள்ளைங்கள விட்டுட்டு வர்ற பிள்ளைக் காம்பராவுல பால் போத்தல் கழுவுறது அந்தத் தண்ணியிலதான். ஆயா ரெண்டு தடவ கொதிக்க வப்பா."

"ஜெசிந்தா."

"இருக்கேன். அந்த இரும்புக் கொழாய எடுத்துட்டா எனக்குச் சந்தோசம். பொடியன்மாரு அதுல சறுக்குறானுங்க. தண்ணியத் தொடாதீங்க."

"தெய்வானை."

"மழ நாள்ல தண்ணி மேல எண்ண மெதக்குதுங்க. வானவில்லு மாதிரி. சோத்துல வாடை அடிக்கும். மிசினுக்கு அடியில பழைய எண்ண தேங்கிக் கெடக்குன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு."

நான் என் பட்டியலைப் புரட்டினேன். இயந்திரத்துக்குள் தங்கிய மாசுகள், அவை நீரில் கசியும் வாய்ப்பு. நேற்று அதன் எதிரே நான் எழுதியிருந்த 'பொருந்தாது' என் கண்ணைக் குத்தியது. யாரோ ஒரு முன்யோசனைக்காரர், பெரிய பெரிய உலைகளை நினைத்து எழுதிய கேள்வி. தெய்வானையின் சோற்றுப் பானைக்குப் பொருந்திவிட்டது. அடித்துத் திருத்தினேன். அந்த முகம் தெரியாதவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"செல்வமணி."

"இருக்கேங்க." அவர் கணக்கப்பிள்ளையைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கொழுந்துல இருக்கிற தண்ணியத்தான் தெனம் கழிக்கிறீங்க. கொழாயில வர்ற தண்ணியையும் கழிச்சிராதீங்க."

மடுவம் குலுங்கியது. கணக்கப்பிள்ளையே பதிவேட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் செல்வமணி என் பக்கம் திரும்பினார். "மிஸ்ஸு பேரு என்னா?"

"நிவேதா."

"நிவேதா!" என்று பெரட்டுக் குரலில் கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

"நீங்க என்னா எழுதப் போறீங்க?"

நாற்பது, ஐம்பது பேர் காத்திருந்தார்கள். அங்கேயே சாக்குமேல் தாளை வைத்து எழுதி, வாசித்துக் காட்டினேன். தடுப்பணையும் வாய்க்காலும் லயத்துத் தண்ணீருக்காக அப்படியே இருக்க வேண்டும். முதலில் எண்ணெயையும் பிறகு இயந்திரத்தையும் இரும்புக் குழாயையும் எடுக்க வேண்டும். வேலை முடியும்வரை தண்ணீருக்கு மாற்று வழி இல்லாமல் பலகையைச் சாத்தக் கூடாது. ஓடைக்குக் கொஞ்சம் விட வேண்டும், ஏனென்றால் அந்தக் குருவியையும் நான் மறக்கவில்லை. "பலகைய யாரு சாத்துறதுன்னும் எழுதுங்க" என்றார் மாரியாயி. எழுதினேன்: லயத்தாரைக் கேட்காமல் யாரும் சாத்தக் கூடாது, ஆய்வுக்கு வருபவர் உட்பட.

ஸ்ரீகாந்தன் பழைய படிவத்தில் 'இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்து, 'உண்டு' என்று எழுதி, பக்கத்தில் சிறிய எழுத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழே பெயர்கள். படிவத்தில் அவ்வளவு இடம் இல்லை. பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதுளைக் கடைவீதியில் கறுப்பு நிறத்தில் ஒரு சப்பாத்து வாங்கினேன். பழையதைச் செல்வமணியின் மகளுக்குக் கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சப்பாத்துதானாம். பையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய தேயிலைத் தூள் ஒரு பொட்டலம். ஸ்ரீகாந்தன் ரயில் நிலையம்வரை வந்து, ஜன்னல் வழியாக ஒரு பெட்டி தந்தார். இடியாப்பம். "வழியில சாப்பிடுங்கோ" என்றார். அந்த ஊரில் யாரும் என்னைப் பசியோடு விடவில்லை, தப்போடும் விடவில்லை.

சென்னைக்கு வந்து மூன்றாவது வாரம் அவருடைய போன். "பிள்ளை, தடுப்பணை நிக்குது. முடிவு வந்திட்டுது. எண்ணெய் எடுக்கிற வேலை வாற மாதம். செல்வமணிக்குச் சொல்லிட்டன்."

"என்ன சொன்னாங்க?"

"நிவேதா மிஸ்ஸுக்குச் சொல்லுங்கோ, தலைக்கு வார்த்திட்டன் எண்டு சொன்னவ."

போனை வைத்துவிட்டு அணுமின் நிலைய அறிக்கையைத் திறந்தேன். ஏற்கெனவே மூன்று முறை 'சரி' போட்டுத் தாண்டிய ஒரு பக்கம் இருந்தது. சுற்றுவட்டார மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்ட பக்கம். கடைசி வரி: 'ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை.' என் 'சரி'களை ஒவ்வொன்றாக அழித்தேன். ஓரத்தில் எழுதினேன்: 'யாருடைய பெயரையாவது கூப்பிட்டார்களா?'

கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளரின் குரல் வந்தது. "நிவேதா!"

"இருக்கேங்க" என்றேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பெயர் கூப்பிட்டாகிவிட்டது, நான் எழுந்து உள்ளே போனேன்.